மெருகு ஏறினால் மதிப்பு ஏறுமா?

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரங்கநாதரைச் சேவித்துத் திரும்பும் நம்மவருள் அங்குள்ள கோட்டை மதிலைக் காணாதார் இலர். மைசூருக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்கோட்டை 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் வீழ்ந்தது. திப்பு சுல்தானின் ஆயுதங்கள் பல, வென்றவர்களோடு கடல் கடந்தன.

அவற்றுள் ஒன்று, வெள்ளி வேலைப்பாடமைந்த சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் பகுதியில் அது ஏலத்திற்கு வந்தது. அதன் இடப்புறத்தில் குண்டு பட்ட சேதம் மறைக்கப்படாமலே இருந்தது. போர்க்களத்தினின்று நேரே எடுக்கப்பட்டது என்பதற்கு அவ்வடுவே சான்றாகக் காட்டப்பட்டது. ஏலத்தில் 60,000 பவுன் கிடைத்தது!

இதை ஈண்டுக் கூறக் காரணம் உண்டு. படையில் பணிபுரிந்த தாத்தாவின் பெட்டியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் நாம் செய்ய நினைப்பது யாது? உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் பூசிப் புதிதுபோல் ஆக்குவதன்றோ? அங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. கோயிற் சுவர்களை மணல் வீசித் துலக்கப் புகுந்து, கல்வெட்டெழுத்துக்களை இழந்த கதையை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே.

இரும்பின்மேல் காலம் படியவிட்ட கருநிறம் தேய்த்தபின் மீளாது. செய்த இடம், ஆண்டு, படைப்பிரிவு ஆகியவற்றைக் காட்டும் முத்திரைகளும் தேய்ந்துவிடும். திப்புவின் துப்பாக்கிகளில் அவர் வகுத்த மௌலூதி ஆண்டும், செய்த ஊரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை மழுங்கினால் பொருள் ஊர் பேர் அற்றதாகிவிடும்.

மெருகேற்றிய துப்பாக்கியைக் கண்டறிவது அரிதன்று. கூராக இருக்கவேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும். எழுத்துக்கள் ஆழமின்றி இருக்கும். தேய்த்த கட்டை, இரும்பின் மட்டத்திற்குக் கீழே தாழ்ந்திருக்கும். ஆனால் ஒன்று: படைக் கொல்லர் அன்றே செப்பனிட்டு முத்திரை இட்டிருப்பின் அதுவும் வரலாறே. பிற்காலத்தார் அழகு கருதிச் செய்த மெருகே மதிப்பைக் குறைப்பது.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. பழுது பார்த்தாலும் சுடவியலாத பழம்பொருளுக்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது. அதனைத் தாமே தீர்மானிக்காமல் உரிய அதிகாரிகளை அணுகுதல் நன்று. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. ஆதலின் சீமை ஏலத்தின் விலையை எண்ணி மனக்கோட்டை கட்டுதல் வேண்டா.

உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடைத்து வையுங்கள். அது யாருடையது, எங்கிருந்து வந்தது என வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடிதமோ படையின் சான்றிதழோ இருப்பின் அதனுடன் சேர்த்து வையுங்கள். எந்த மெருகும் தரவியலாத மதிப்பை அச்சிறு ஏடு தரும்.