மேற்கோள் எண்ணிக்கையும் வயிற்றுப்புண்ணும்



“உலகிலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வு இது” என்றும், “முன்னணி மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு இது” என்றும் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். சத்துமாவு விற்க வருபவரும் இதையே சொல்லுகிறார். மேற்கோள் என்றால் என்ன? அதை எண்ணுபவர் யார்? எண்ணிக்கை பெரிதாக இருந்தால் ஆய்வு உண்மை என்று ஆகிவிடுமா? தோட்டத்து மக்களுக்கு நன்கு பழக்கமான வயிற்றுப்புண் என்னும் நோயைக் கொண்டே இக்கேள்விகளுக்கு இன்று விடை காண்போம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தந்தையார் பால்மரம் வெட்டியவர். 1980-களின் நடுவில் அவருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. விடியுமுன் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போவார். ஒன்பது பத்து மணிக்குள் இடுப்புத் துண்டை வயிற்றின்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தோட்டத்து டிரசர் வெள்ளை மருந்து கொடுப்பார். குடித்தால் எரிச்சல் அடங்கும். சில நாளில் திரும்பி வரும். “காரத்தைக் குறையுங்கள், கவலையைக் குறையுங்கள்” என்பதே அறிவுரை. அம்மா குழம்பில் மிளகாயைக் குறைத்தார். கவலையைக் குறைக்க யாராலும் முடியவில்லை. டிரசர்மீது குற்றமில்லை. மருத்துவ நூல்கள் அன்று சொன்னதையே அவரும் சொன்னார்.

ஆனால், அதே காலத்தில் அந்த நூல்களைத் திருத்தி எழுதவேண்டிய ஒரு கண்டுபிடிப்பு வெளிவந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ராபின் வாரன் என்னும் மருத்துவர் பணியாற்றினார். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த சிறு சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்வது அவர் வேலை. 1979-ஆம் ஆண்டில் அத்துணுக்குகளில் வளைந்த வடிவமுள்ள கிருமிகளைக் கண்டார். இரைப்பையில் சுரக்கும் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்கி வாழாது என்பதே அந்நாள் நம்பிக்கை. ஆகவே அவர் சொன்னதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1981-ஆம் ஆண்டில் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். இருவரும் 100 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேரிடமும், ஒருவர் தவறாமல், அக்கிருமி காணப்பட்டது.

1983-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் இரைப்பை குடல் மருத்துவர் சங்க மாநாட்டில் இதைப் படிக்க மார்ஷல் அனுமதி கேட்டார். வந்த கட்டுரைச் சுருக்கங்கள் 67, ஏற்கப்பட்டவை 56. மார்ஷலின் சுருக்கம் தள்ளப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் ‘லான்செட்’ என்னும் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் இருவரும் இரண்டு கடிதங்கள் வெளியிட்டனர். 1984-ஆம் ஆண்டில் முழுக் கட்டுரையும் அதில் வந்தது. அவ்வாண்டிலேயே மார்ஷல் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாள்களில் வாந்தி கண்டது. குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தபோது, நலமாயிருந்த இரைப்பையில் அழற்சி உண்டாகியிருந்தது. புண் வரவில்லைதான், ஆயினும், இக்கிருமி நோயை உண்டாக்கவல்லது என்பதற்கு அது சான்றாயிற்று. கிருமியை ஒழித்தால் புண் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதைப் பின்னர்ப் பல நாட்டுச் சோதனைகள் காட்டின. இன்று இக்கிருமிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர். 2005-ஆம் ஆண்டில் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இனி மேற்கோள் விஷயத்துக்கு வருவோம். ஓர் ஆராய்ச்சியாளர் கட்டுரை எழுதும்போது, முன்னர் யார் யார் செய்த ஆய்வுகளைத் துணைகொண்டார் என்பதைக் கட்டுரையின் முடிவில் வரிசையாகக் குறிப்பார். அப்படி ஒருமுறை குறிக்கப்படுவதே ஒரு மேற்கோள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் யூஜின் கார்பீல்டு என்பவர் இவற்றையெல்லாம் திரட்டி, எந்தக் கட்டுரையை யார் யார் குறித்திருக்கிறார்கள் என்று காட்டும் பெரிய அட்டவணையை 1960-களில் வெளியிடத் தொடங்கினார். நூலகத்தில் ஒரு கருத்தின் வழித்தடத்தைத் தேடிப் போவதற்கு உதவ வேண்டும் என்பதே அவர் எண்ணம். நாளடைவில் அந்த அட்டவணை ஆராய்ச்சிகளையும் சஞ்சிகைகளையும் தரம் பிரிக்கும் அளவுகோலாகவும் மாறியது.

சஞ்சிகைக்குரிய அளவைத் தாக்க எண் என்று சொல்லலாம். கணக்கு எளிது. ஒரு சஞ்சிகை இரண்டு ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டில் உலகெங்கும் அக்கட்டுரைகள் 4,000 முறை மேற்கோள் காட்டப்பட்டால், 4,000-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். தாக்க எண் 20. குடல் என்று பொருள்படும் ‘கட்’ என்ற பெயரில் 1960-ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் ஒரு சஞ்சிகை வெளிவருகிறது. இரைப்பை குடல் மருத்துவத்தில் புகழ்பெற்றது. 2023-ஆம் ஆண்டுக்கான அதன் தாக்க எண் 20-க்கு மேல்.

இது சராசரிக் கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. எங்கள் வகுப்பில் பத்துப் பிள்ளைகள் கணக்குத் தேர்வு எழுதி, இரண்டு பிள்ளைகள் 100 வாங்கி, மற்ற எட்டுப் பேரும் 25 வாங்கினால், சராசரி 40 வரும். ஆனால் 40 வாங்கிய பிள்ளை வகுப்பில் ஒருவர்கூட இல்லை. சஞ்சிகைகளிலும் நிலைமை இதுதான். சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொள்ளும். பெரும்பாலானவை சராசரிக்குக் கீழே நிற்கும்.

அப்படி அள்ளிக்கொள்ளும் கட்டுரைகள் எவை? 1996-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் மருத்துவ வல்லுநர்கள் கூடி, இக்கிருமி உள்ளவர்களுக்கு எப்போது, எவ்வாறு மருந்து கொடுக்க வேண்டும் என்று வகுத்தார்கள். அந்த அறிக்கை 1997-ஆம் ஆண்டில் ‘கட்’ சஞ்சிகையில் வந்தது. புதுப்பித்த அறிக்கைகள் 2007, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளிலும் அதிலேயே வந்தன. இக்கிருமியைப் பற்றி எழுதுவோர் பலரும் இவ்வழிகாட்டிகளைக் குறிப்பிடுவதால் மேற்கோள்கள் குவிகின்றன. ஆனால் இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பலருடைய கண்டுபிடிப்புகளைச் சீர்தூக்கிப் பார்த்துத் திரட்டிய முடிவுகள். பயன் மிகுந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் கிருமியை முதலில் கண்டவருக்கும் வழிகாட்டி எழுதியவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கை காட்டாது.

எண்ணிக்கை காட்டாத வேறொன்றும் உண்டு. அதைச் சொல்ல இன்னொரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டில், மார்ஷலின் கட்டுரை வந்த அதே ‘லான்செட்’ சஞ்சிகையில், ஆண்ட்ரூ வேக்பீல்டு என்பவரும் அவர் குழுவினரும் 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ஜெர்மன் தட்டம்மை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும், குடல் அழற்சிக்கும், ஆட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அக்கட்டுரை கிளப்பியது. பெற்றோர் அஞ்சினர். பிரிட்டனில் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் தொகை குறைந்தது. பல நாடுகளில் பெரும் எண்ணிக்கையில் குழந்தைகளை ஆராய்ந்தும் அப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. விசாரணையில் முறைகேடுகள் வெளிப்பட்டன. 2010-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ அக்கட்டுரையை மீட்டுக்கொண்டது. அவ்வாண்டிலேயே வேக்பீல்டின் மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது. ஆயினும் அக்கட்டுரைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை “இது தவறு” என்று மறுப்பதற்காக எழுதப்பட்டவை. புகழ்ந்தாலும் ஒன்றுதான், மறுத்தாலும் ஒன்றுதான் என்றே எண்ணும் இயந்திரம் எண்ணிக்கொண்டு போகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கிரேக்க நாட்டில் ஜான் லிகூடிஸ் என்ற ஊர் மருத்துவர், மார்ஷலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து வயிற்றுப்புண்ணுக்குச் சிகிச்சை செய்தார். அவர் அனுப்பிய கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை ஏற்கவில்லை. 1968-ஆம் ஆண்டில் அவருக்கு 4,000 டிராக்மா அபராதமும் விதித்தார்கள். ஊருக்குத் தெரிந்த அவரை ஆராய்ச்சியுலகம் அறியாமற்போயிற்று. கிருமியை அவர் கண்ணால் காணவில்லை. தம் முறையை ஒழுங்கான சோதனையால் மெய்ப்பிக்கவும் இல்லை. என்றாலும் மேற்கோள் இல்லை என்ற காரணத்தால் ஒரு கருத்து பொய்யாகிவிடாது என்பதை அவர் கதை நமக்கு உணர்த்துகிறது.

நேயர்களே, பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கிராணி கணக்கு எழுதுவாரா? மழைத்தண்ணீர் கலந்தாலும் வாளி கனக்கும். ஆகவே அப்பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கிறார்கள். மேற்கோள் எண்ணிக்கை வாளியின் எடையைப் போன்றது. அதனுள் உண்மை எத்தனை பங்கு என்பதை வேறு வழியில்தான் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு மெத்தப் படிப்பு வேண்டியதில்லை. “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று யாராவது சொன்னால் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். எத்தனை பேரிடம் ஆராய்ந்தார்கள்? அந்த மருந்து பெறாத ஒரு கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா? வேறு இடங்களில் வேறு ஆட்கள் செய்தபோதும் அதே முடிவு வந்ததா? ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் அப்பொருளை விற்பவரா? இந்நான்கில் மூன்றாவது கேள்வியே முக்கியமானது. மார்ஷலின் ஆய்வு அக்கேள்விக்கு நின்றது. வேக்பீல்டின் ஆய்வு நிற்கவில்லை.

இன்னொரு கேள்வியும் நமக்கு உண்டு. அந்த ஆய்வு நம்மைப் போன்றவர்களிடம் செய்யப்பட்டதா? மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியான் லீ, மலேசியாவின் மூவின மக்களிடமும் இக்கிருமி எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் ஆசிய பசிபிக் வட்டாரச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி மிக அதிகமாகக் காணப்பட்டது. அச்சஞ்சிகையின் தாக்க எண் ‘கட்’ சஞ்சிகைக்கு ஈடாகாது. ஆனால் நம் வீட்டு அடுப்படிக்கு அருகில் வந்து பேசும் ஆய்வு அதுவே. இந்நாட்டு இந்தியர்களிடம் கிருமி அதிகம் இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவாக இருக்கிறது என்பதும் தெரியவந்துள்ளது.

ஆகவே மேல்வயிற்றில் எரிச்சலோ வலியோ வாரக்கணக்கில் நீடித்தால், வெள்ளை மருந்தைக் குடித்து நாளைக் கடத்தாமல், அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, “இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?” என்று தயங்காமல் கேளுங்கள். மூச்சைக் கொண்டோ மலத்தைக் கொண்டோ சோதிக்கலாம். தேவையானால் குழாய்க் கருவியால் பார்ப்பார்கள். கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு கிருமிக்கொல்லி மாத்திரைகளும் ஒன்று முதல் இரண்டு வாரம் கொடுப்பார்கள். வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தலாகாது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் விழுங்கும் சில மாத்திரைகளாலும் புண் வரும். அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்த வாந்தி வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி உடல் மெலிந்தாலும் காலம் தாழ்த்தாதீர்கள்.

எங்கள் தந்தையாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெர்த் நகரத்துக் கட்டுரை வந்தது 1984-ஆம் ஆண்டில். புண்ணோடு இக்கிருமியும் இருந்தால் கிருமிக்கொல்லி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் குழு அறிவித்தது 1994-ஆம் ஆண்டில். எங்கள் தந்தையாரின் கைக்கு அந்த மாத்திரைகள் வந்தது 1998-ஆம் ஆண்டில், நாங்கள் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது. பதினான்கு ஆண்டுகள்! அதற்குள் கட்டுரை நூற்றுக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றுவிட்டது. அவரோ அத்தனை ஆண்டும் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரம் வெட்டினார். மாத்திரை முடிந்த பின் எரிச்சல் திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து அம்மா பயந்து பயந்து ரசத்தில் இரண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக் குடித்தார்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்தறிவதே மெய் என்பார்கள் பெரியோர். ஆராய்ச்சியுலகின் எண்ணிக்கைக்கும் அது பொருந்தும். விசாரித்து அறிந்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நம் பக்கத்து வீட்டிலும் இருக்கக்கூடும்.