பினாங்குத் தண்டனைக் குடியேற்றத்தில் பெண் கைதிகள்

மலேசியத் தமிழர் வரலாற்றைத் தோட்டத் தொழிலாளர் வருகையோடு தொடங்குவது நம் வகுப்பறைகளில் வழக்கமாக உள்ளது. அவர்களுக்குப் பல்லாண்டுகள் முன்பே இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகள் பினாங்கில் கரையிறக்கப்பட்டனர். அவர்களுள் பெண்களும் சிலர் இருந்தனர். அப்பெண்கள் வரலாற்றிலிருந்து எங்ஙனம் மறைந்தனர் என்பதை இங்குக் காண்போம்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவினார். காடு திருத்தவும் சாலை அமைக்கவும் ஆள்பலம் தேவைப்பட்டது. 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியக் கைதிகள் வரத் தொடங்கினர். 1796இல் அந்தமான் குடியேற்றம் கைவிடப்பட்டபோது அங்கிருந்த கைதிகளும் இங்குக் கொண்டுவரப்பட்டனர். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் கைதிகளின் உழைப்பு அடங்கியுள்ளது.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் உடன்சென்ற 72 பேரையும் தமிழுலகம் அறியும். பெண் கைதிகளுக்கு அத்தகைய நினைவு வாய்க்கவில்லை. 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கைப்படி பெங்கூலன் டச்சுக்காரர் வசமானபோது, அங்கிருந்த கைதிகள் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்தடைந்த சென்னை மாகாணக் கைதிகளுள் ஒரு பெண்ணும் இருந்தார். சிறைக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய மெக்நேயர் 1899இல் வெளியிட்ட நூலில் அவர் ஓர் எண்ணாக மட்டுமே இடம்பெறுகிறார். சென்னை மாகாணத்தில் தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகியோரும் வாழ்ந்தமையால், அவரைத் தமிழ்ப்பெண் என உறுதியாகக் கூறவும் அப்பதிவு இடம்தரவில்லை.

இம்மறைவுக்கு நிருவாக முறையும் ஒரு காரணமாகும். நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகள் ஆறு பிரிவினராக வகுக்கப்பட்டனர். பெண்கள் முதியோருடனும் நலிந்தோருடனும் சேர்த்துக் கடைசிப் பிரிவில் வைக்கப்பட்டனர். நன்னடத்தையால் படிப்படியாக உயர்ந்த ஆண் கைதி, காவலராகவோ கைவினைஞராகவோ ஆவணங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறார். பெண்ணுக்கோ, அதிகாரிகளின் இசைவோடு செய்துகொள்ளும் திருமணமே சிறைக்கு வெளியே வாழும் முதன்மை வழியாயிற்று. மணமுடித்துக் குடும்பத்துள் சென்றதும் சிறைப்பதிவில் அவருக்கு இடமில்லாமற்போயிற்று. விடுதலைக்குரிய வழியே அவரைப் பதிவுகளிலிருந்து அகற்றும் வழியாகவும் அமைந்தது எனலாம்.

ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவுறும். அங்கு 1788 முதல் 1868 வரை அனுப்பப்பட்ட ஏறத்தாழ 1,60,000 கைதிகளுள் பெண்கள் சுமார் 25,000 பேர். அவர்களின் பெயர், குற்றம், கப்பல் ஆகியவை பரவலாகப் பதிவாகியுள்ளன. வழித்தோன்றல்கள் இன்று அவர்களைத் தம் முன்னோர் எனப் பெருமையோடு உரைக்கின்றனர். பினாங்குப் பெண்களை அவ்வாறு உரிமை கொண்டாடுவோரைக் காண்பது அரிது.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டன. 1873இல் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். ஆனால், மணமுடித்து இங்கேயே தங்கிய பெண்களின் மரபு இம்மண்ணில் கலந்துவிட்டது. ஆகவே புலம்பெயர்வு வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியல்களோடு நின்றுவிடாமல், 'பெண் ஒருவர்' என்னும் குறிப்பையும் மாணவர்க்குப் படித்துக்காட்டுதல் வேண்டும். அவருக்கு ஏன் பெயர் இல்லை என்னும் வினாவிலிருந்தே அவ்வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கலாம்.