கத்தரி வெயிலும் கோடை இடியும்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், "இந்த வருஷம் வெயில் எப்படிச் சாமி இருக்கும்?" என்ற கேள்வி ஆலய வாயிலில் தவறாமல் எழும். கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. வெயிலைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. ஆயினும் அது உயிரைக் குடிக்கும் என்பதை மட்டும் நாம் நம்புவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரே மே மாதத்தில் இரண்டு அடக்கத் திருப்பலிகளை நிறைவேற்ற நேர்ந்தது. ஒருவர், தகரக் கூரையின் கீழ்த் தனியே வாழ்ந்த மூதாட்டி. மற்றவர், மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கிய ஆடு மேய்க்கும் இளைஞர். ஒருவரை வெயில் கொண்டுபோயிற்று. மற்றவரை, வெயிலைத் தணிக்க வந்த மழையோடு இறங்கிய மின்னல் கொண்டுபோயிற்று. இருவருமே பிழைத்திருக்கக் கூடியவர்கள். அந்த எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வெயில் ஏன் மே மாதத்தில் உச்சமடைகிறது?

சென்னைக்கு நேர் மேலே சூரியன் நிற்பது ஏப்ரல் மாதத்தின் பின்பகுதியில்தான். ஆனால் அடுப்பை மூட்டியவுடன் கல் காய்ந்துவிடுவதில்லை அன்றோ? நிலமும் அப்படியே. நாள்தோறும் வாங்கிய வெப்பத்தைச் சேர்த்து வைத்து, மே மாதத்தில் திருப்பித் தருகிறது. மே 4 முதல் 28 வரையிலான நாட்களைப் பஞ்சாங்கம் அக்கினி நட்சத்திரம் என்கிறது. வேலூர், திருத்தணி, கரூர், திருச்சி, மதுரைப் பகுதிகளில் வெப்பம் அந்நாட்களில் 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று.

கடலோர மக்களுக்குப் பிற்பகலில் வீசும் கடற்காற்றே காவல். நிலத்திலிருந்து வரும் மேற்குக் காற்று வலுத்து அதனைத் தடுத்துவிட்டால், கடற்கரை நகரமும் உலையாகிவிடும். சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31 அன்று 45 பாகை வெப்பம் பதிவாயிற்று. பஞ்சாங்கக் கணக்குப்படி கத்தரி முடிந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன! ஆகவே, "கத்தரி கழிந்தது, கவலை தீர்ந்தது" என்று எண்ணுவது தவறு.

உடல் படும் பாடு

நம் உடலின் இயல்பான வெப்பம் 37 பாகை. அது ஏறாதவாறு காப்பது வியர்வை. வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. அது உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை உலர்வதில்லை. எனவேதான் நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ 37 பாகையில் படும் அவதி, வறண்ட உள்நாட்டில் 40 பாகையில் படும் அவதிக்குக் குறைந்ததன்று. வானிலைத் துறையினரும் வெப்ப அலையைக் கணிக்கச் சமவெளிக்கு 40, கடற்கரைக்கு 37 என வெவ்வேறு அளவு வைத்திருக்கின்றனர்.

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை முதல் எச்சரிக்கை. உடல் அனலாய்க் கொதிக்க, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்துவிட்ட நிலை அது. "சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது ஆபத்து. உடனே 108-க்குத் தகவல் தந்து, நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் தெளித்து விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

2015-ம் ஆண்டின் வெப்ப அலையில் நம் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஆந்திர, தெலுங்கானா மாநிலத்தவர். முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், வெயிலில் உழைத்தே உண்ணவேண்டிய ஏழைகள் ஆகியோரே முதலில் பலியாகின்றனர். வெயில் எல்லார் மேலும் ஒன்றுபோல் காய்கிறது. ஆனால் எல்லார் கூரையும் ஒன்றாய் இல்லை.

மழையோடு வரும் ஆபத்து

மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குக் கிடைக்கும் மழை சராசரியாகச் சுமார் 13 சென்டிமீட்டர். கொஞ்சமே ஆயினும், கோடை உழவு கோடி நன்மை என்று உழவர் அதற்காக ஏங்கி நிற்பர். காய்ந்த நிலத்துக் காற்று, கடலிலிருந்து வந்த ஈரத்தைச் சுமந்து மேலே பாய்கிறது. பிற்பகலுக்குள் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக் கருமேகம் எழும்புகிறது. அதனுள்ளே பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்வதால் மின்னேற்றம் பிறக்கிறது. அதுவே மின்னலாய்ப் பாய்கிறது. மேகத்திலிருந்து சரியும் குளிர்காற்றே, குலைதள்ளிய வாழைத் தோட்டங்களை ஒரு நொடியில் சாய்க்கும் சூறை.

மின்னல் பாயும் வழியில் வெப்பம் சுமார் முப்பதாயிரம் பாகை. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். 2020-ம் ஆண்டு ஜூன் 25 அன்று பீகாரில் மட்டும் ஒரே நாளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் வயல்வெளியில் இருந்தவர்கள்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடியோசை ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், உடனே கெட்டியான கட்டடத்துக்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரவேண்டாம். மரத்தடி, திறந்த வயல், குளம், துணிப்பந்தல், ஓலைக்கொட்டகை எதுவும் புகலிடமன்று. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. அஞ்சாமல் தொட்டு உதவலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால், உதவி வரும்வரை நெஞ்சை விடாமல் அழுத்துவதே உயிர் காக்கும் முதலுதவி.

முற்காலத்தில் ஐரோப்பாவில், இடிமழையின்போது ஆலய மணியை ஒலிப்பது வழக்கமாயிருந்தது. உயர்ந்த கோபுரத்தில், நனைந்த கயிற்றைப் பிடித்தபடி மணியடித்தோர் பலர் மின்னலுக்கு இரையாயினர். பலமுறை மின்னல் தாக்கிய வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலய மணிக்கூண்டில் 1776-ல் இடிதாங்கி பொருத்தினர். பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. கடவுள் தந்த அறிவைப் பயன்படுத்துவதும் பக்தியே.

நாம் செய்யக் கூடியவை

வானிலைத் துறை பிப்ரவரி இறுதியில் கோடைக்கால முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அது ஒரு வட்டாரம் முழுமைக்கும் உரிய பொதுக் கணிப்பு. நம் தெருவில் இன்று என்ன நேரும் என்று அது சொல்லாது. அதற்கு அன்றாட அறிவிப்பையே கேட்க வேண்டும். மஞ்சள் நிறம் கவனத்துக்கு, ஆரஞ்சு ஆயத்தத்துக்கு, சிவப்பு உடனடி நடவடிக்கைக்கு.

பகல் பதினொன்று முதல் நான்கு வரை வெயில் வேலையைத் தவிர்க்கலாம். தாகம் எடுக்குமுன்னே நீர் அருந்தலாம். நீர்மோரும் கஞ்சியும் நம் முன்னோர் கண்ட நல்மருந்து. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால், இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்யும். புதுநன்மை வகுப்பைக் காலை வேளைக்கு மாற்றுவோம். திருவிழாத் தேர்ப் பவனியன்று வானம் கறுத்தால், தேரை நிறுத்தி மக்களைப் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்பத் தயங்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஒரு செம்பு மோருடன் அவர் கதவைத் தட்டுங்கள். அந்த மூதாட்டியின் கதவை அன்று எவரும் தட்டவில்லை, நானும் தட்டவில்லை.