காது மிஷின் வாங்கப் போகிறீர்களா?

எங்கள் ஊர் ஆரணியில் பட்டுத்தறி ஓடும் தெருக்களில் பகலெல்லாம் சத்தம்தான். குழியில் கால் மிதிக்கிற சத்தம், நாடா போய் வருகிற சத்தம், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி போடுகிற சத்தம். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிதான் 'என்ன இப்படி!' என்று காதைப் பொத்துவார். எங்களுக்கு அது நின்றால்தான் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

என் மாமனார் பன்னிரண்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர். நடுவில் பத்து வருஷம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காதாம். எல்லாம் கை ஜாடைதான். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம், வருஷக்கணக்காக இருந்தால் காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடி போன்ற செல்கள் அழிந்து போகும் என்கிறார்கள் டாக்டர்கள். அழிந்தால் அவை திரும்ப முளைப்பதில்லை.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு. தறியை இன்னும் விடவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக, எதைச் சொன்னாலும் 'சரி சரி' என்று தலையாட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. கூலிக் கணக்குச் சொல்லும் இடத்திலும் அதே தலையாட்டல்தான். முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாது. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வயசாச்சு, மறதி வந்துடுச்சு என்றார் என் மாமியார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கேட்டால் பத்து வருஷத்துக்கு முந்தின கணக்கைக்கூடச் சொல்கிறாரே! அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால்தான் சம்பந்தம் இல்லாத பதில் வருகிறது. ஒரு நாள் அவரே சொன்னார்: "சத்தம் வருதும்மா, பேச்சுதான் வரல."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் சகோதரிகளே, காது மிஷின் விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது.

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். சில பேருக்குக் குறும்பி அடைத்திருப்பதுதான் கோளாறாக இருக்கும். அதை எடுத்தாலே கேட்டுவிடும். நம் வீடுகளில் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுகிற வழக்கம் இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும்.

நாங்கள் வேலூருக்குப் போனோம். காதைச் சுத்தம் செய்து பார்த்த பிறகு, சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு ஸ்வரமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் கோடாகப் போட்ட தாள்தான் ஆடியோகிராம். மாமனாரின் தாளில் கோடு இடது பக்கம் மேலே ஓரளவு நன்றாகத் தொடங்கி, வலது பக்கம் போகப் போகச் சரிவில் இறங்கியிருந்தது. இடது பக்கம் தாழ்ந்த ஸ்வரங்கள், வலது பக்கம் கீச்சென்ற உயர்ந்த ஸ்வரங்கள். அதிகச் சத்தத்தில் உழைத்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் அடி விழுமாம். வயதும் உயர்ந்த ஸ்வரங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறது.

இதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? பட்டு, கட்டு, தட்டு என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் உயிரோசை ஒன்றேதான். அது தாழ்ந்த ஸ்வரம், பலமாக ஒலிப்பது. முதல் எழுத்தின் மெய்யோசைதான் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. ப், க், த், ச் என்ற இந்த மெல்லிய ஓசைகளுக்கு உயர்ந்த ஸ்வரங்கள் வேண்டும். அவை போனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன சொன்னார் என்பது கேட்காது. நாம் கத்தினாலும் உயிரோசைதான் பெரிதாகும். "ஏன் கத்தறே? எனக்கென்ன செவிடா?" என்று பெரியவர்கள் எரிந்து விழுவது இதனால்தான்.

இப்போது மிஷினுக்கு வருவோம்.

அனலாக் என்கிற பழைய வகை மைக்கில் விழுகிற ஓசையை மின்சாரமாக்கி, பெருக்கி, அப்படியே காதுக்கு அனுப்பும். சட்டைப் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர் என்று பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல இந்த வகை. 1950களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அவை அந்த அளவுக்காவது சிறுத்தன. திருகாணி வைத்துக் கொஞ்சம் உயர்ந்த ஸ்வரம், தாழ்ந்த ஸ்வரம் மாற்றலாம், அவ்வளவுதான். மருமகள் பேச்சு பெரிதாகும்போது மிக்ஸியும் தறியும் பஸ் ஹாரனும் சேர்ந்தே பெரிதாகும்.

டிஜிட்டல் வகை ஓசையை எண்களாக மாற்றி, உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, மறுபடி ஓசையாக்கித் தரும். முழுக்க டிஜிட்டலாகக் காதில் அணிகிற மிஷின்கள் 1996 வாக்கில் விற்பனைக்கு வந்தன. ஆடியோகிராம் தாளைப் பார்த்து, எந்த ஸ்வரம் எவ்வளவு குறைகிறதோ அங்கே மட்டும் அந்த அளவு கூட்டலாம். மெல்லிய ஓசையை அதிகமாகவும் பலத்த ஓசையைக் குறைவாகவும் பெருக்கலாம். 'கீ...' என்று கத்துகிற விசிலை அடக்கலாம். தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைப்பதற்கும் ரெடிமேட் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் டிஜிட்டல் என்று எழுதியிருந்தால் வாங்கிவிடலாமா? அதுதான் கூடாது! இன்று வருகிற மிஷின்கள் பெரும்பாலும் டிஜிட்டல்தான். சட்டைப்பைப் பெட்டியில்கூட டிஜிட்டல் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, 'இதை என் மாமனாரின் தாளுக்குத் தக்கபடி கம்ப்யூட்டரில் அமைத்துத் தருவீர்களா, பிறகு மாற்ற வேண்டுமென்றால் மாற்றுவீர்களா' என்பதே. காதைச் சோதிக்காமலே விளம்பரம் பார்த்து வாங்குகிற மலிவுக் கருவிகள் வெறும் ஒலிபெருக்கிகள்தாம். சத்தம் கூடும், பேச்சு வராது.

நாங்கள் இரண்டு வகையும் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். சட்டைப்பைப் பெட்டியில் சட்டை உரசுகிற சத்தமே பெரிதாக இருந்தது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற டிஜிட்டலைப் போட்டுவிட்டு, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக, "மாமா, கூலியில எவ்வளவு பிடிச்சாங்க?" என்றேன். திரும்பாமலே, "அதான் தெரியலேன்னு அன்னிக்கே சொன்னேனே!" என்றார். என் வீட்டுக்காரர் சீட்டுப் பணத்தை எடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தையும் தாண்டுகிறது. மேலே போகப் போகப் பலவிதமான வசதிகள். வீட்டில் நாலு பேருடன் பேசுகிறவருக்கு அத்தனையும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் மிஷின் நல்லது. நாங்கள் இப்போதைக்கு ஒன்றுதான் வாங்கியிருக்கிறோம்.

ஆனால் எதிர்வீட்டுப் பெரியம்மா விஷயம் வேறு. இருபது வருஷமாகப் பெட்டி மிஷின் போடுகிறவர். மகன் டிஜிட்டல் வாங்கி வந்தான், "இதுல எல்லாம் மங்கலா இருக்குடா" என்று கழற்றி வைத்துவிட்டார். பலத்த ஓசைக்குப் பழகினவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். பழைய மிஷின் போலவே பெருக்கும்படி டிஜிட்டலையும் அமைக்கலாம், பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம் என்று எங்கள் ஆடியாலஜிஸ்ட் சொன்னார். பெரியம்மாவுக்கு இன்னொரு கவலையும் உண்டு: பெட்டியின் பென்சில் பாட்டரி பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது, குமிழைத் திருக விரலும் வருகிறது. இதை நாம் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

முதல் மூன்று வாரம் பொறுமை வேண்டும். பாத்திரம் விழுந்தால் துள்ளுவார்கள், தம் குரலே வேறு மாதிரி கேட்கிறது என்பார்கள். தினம் ஒரு மணி நேரம் போட்டு, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். தறியில் உட்காரும்போது மிஷினைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போடச் சொன்னார்கள். இருக்கிற கேள்வியாவது மிஞ்ச வேண்டுமே. பேச்சுக்கே வராமல் ஒதுங்கி உட்காருவது மூளைக்கும் நல்லதல்ல. 2020இல் வந்த லான்செட் குழு அறிக்கை, தவிர்க்கக்கூடிய மறதி நோய்க் காரணங்களில் கேள்விக் குறைவையும் சேர்த்திருக்கிறது.

பணமில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. அறுபது வயது தாண்டிய ஏழை முதியோருக்கு 2017இல் வயோஸ்ரீ திட்டம் வந்தது. அதிலும் காது மிஷின் உண்டு. எங்கள் ஆரணிக்காரர்கள் திருவண்ணாமலையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் கேள்விச் சோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மிஷின். பேச்சு வராவிட்டால் 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருக்க வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. ராத்திரி கழற்றியதும் பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். குளிக்கும்போது கழற்ற வேண்டும். காதில் செருகும் அச்சை மட்டும் தனியே பிரித்துக் கழுவிக் காயவைக்கலாம். பொத்தான் பாட்டரியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; அதை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும், பிறகு மிஷினைப் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தேவைப்படும்போது மட்டும் உரியுங்கள். ஒரு நிமிஷம் காற்றாட வைத்துவிட்டு உள்ளே போட்டால் நல்லது. தீர்ந்த பாட்டரியை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.