கணக்கு எழுதும் இன்சுலின் பேனா

கைப்பேசியுடன் இணையும் இன்சுலின் பேனா, எத்தனை யூனிட், எந்த நேரம் என்பதைத் தானே குறித்துச் செயலிக்கு அனுப்பிவிடுகிறது. 2016-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ‘இன்பென்’ இதன் முன்னோடிகளுள் ஒன்று. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, திருவான்மியூரில் தனித்து வாழும் முதியவருக்கு இது பெருந்துணை. போட்ட ஊசியை மறந்து மறுபடியும் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடுமல்லவா?

பொருளியல் படித்தவனுக்கு எழும் கேள்வி வேறு: அந்தக் கணக்கு யாருக்குச் சொந்தம்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் இன்சுலின் போடுவோர் தவறவிட்ட வேளைகள் தெரிந்தால், பிரீமியத்தை உயர்த்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆசை வராதா? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தரவுக்கெனத் தனி வகை வகுக்கவில்லை. பயனாளரின் ஒப்புதலையே பெரிதும் நம்புகிறது. ஆனால், அந்த ஒப்புதல் கோரிக்கையைத் தமிழிலும் படிக்க வழியிருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். ‘சம்மதம்’ என்பதைத் தொடும் முன் அந்தத் தமிழ் வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.