ஔடத தானமும் அபய தானமும்: மருத்துவ உயிரித் தொழில்நுட்ப மேற்படிப்பு பற்றி ஒரு வணிகனின் விளக்கம்

மலர்க் குழு அன்பர்கள் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சிதறால் மலையைப் பற்றியோ வட்டெழுத்தைப் பற்றியோதான் தருவேன் என்று எண்ணியிருப்பார்கள். இந்த ஆண்டு வேறொன்று எழுதத் துணிந்தேன். என் மகள் வயிற்றுப் பேத்தி திருவனந்தபுரத்தில் மருத்துவ உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பனச்சமூட்டில் என் அரிசிக் கடைக்கு வருகிறவர்கள், "நயினாரே, பிள்ளை என்ன படிக்குது? டாக்டருக்கா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்போ நர்சுக்கா?" இரண்டும் இல்லை என்று சொல்லிவிடலாம். என்னதான் என்று சொல்வதற்கு எனக்கே ஓராண்டு பாடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதில் விளங்கியதையும், விளங்கிய பின் மனத்தில் தைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார். இந்தப் படிப்புக்காரர் நோயாளியைப் பார்ப்பதில்லை. டாக்டர் கையில் இருக்கிற மருந்தும், தடுப்பூசியும், சோதனைக் கருவியும் எங்கிருந்து வந்தனவோ அந்த இடத்தில் இருக்கிறார். உயிரணு, அதற்குள் டி.என்.ஏ., அது சொற்படி உருவாகும் புரதம், உடம்பின் நோயெதிர்ப்பு, கிருமிகள், இவற்றைக் கையாளும் முறைகள், புள்ளியியல், கணினி வழி ஆய்வு, அறநெறி, காப்புரிமை என்று பாடங்கள். இரண்டு ஆண்டு, நான்கு பருவம். கடைசிப் பருவம் முழுவதும் ஆய்வகத்தில் இருந்து ஆய்வேடு எழுத வேண்டும். அந்த ஆய்வேட்டில்தான் எங்கள் வீட்டுச் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. 1982-ல் மத்திய அரசு தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியம் அமைத்தது. 1986-ல் அது தனித் துறையாயிற்று. அந்தக் காலத்திலேயே அரசு உதவியுடன் எம்.எஸ்ஸி. தொடங்கிய ஒரு சில பல்கலைக்கழகங்களில் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஒன்று. திருவனந்தபுரத்தில் தைக்காட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் 2007-ல் மத்தியத் துறையின் கீழ் வந்தது. அரசு உதவி பெறும் இடங்களுக்கு முன்பெல்லாம் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு நடத்தியது. 2020 முதல் கேட்-பி என்ற பொதுத் தேர்வு. அதன் முதல் பகுதி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்தான். பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் இதில்தான் சறுக்குகிறார்களாம். மறந்துபோன கணக்கை மறுபடி எடுத்துப் படியுங்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பேத்திக்கு இந்த ஆசை வந்தது 2021-ல். அந்த ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று எங்கள் பாறசாலைப் பக்கத்தில்தான் தெரியவந்தது. கொசுவால் பரவும் நோய். கருவிலிருக்கும் குழந்தையின் தலை வளர்ச்சியைக் கெடுக்கக் கூடியது. ஆப்பிரிக்கக் காட்டின் பெயர் கொண்ட நோய் நம் வாசலுக்கு வந்துவிட்டதே என்று ஊர் நடுங்கியது. காய்ச்சலும் தடிப்புமாக வருவது டெங்குவா, ஜிகாவா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புனேயிலிருந்து சோதனை முடிவு வந்த பிறகே உறுதியாயிற்று. "அங்க உக்காந்து எப்படித் தாத்தா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டவள், பிறகு தானே படித்து எனக்கும் சொன்னாள்.

அந்தச் சோதனைதான் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புரண்ட சொல். கடையிலிருந்து சில அடி நடந்தால் மாநிலம் மாறிவிடும் எங்களுக்கு, 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர அந்தச் சீட்டு அல்லது இரண்டு ஊசிச் சான்று வேண்டும் என்றார்கள். டீ குடிக்கப் போகவும் சீட்டா என்று சிரித்துக்கொண்டோம். விஷயம் இதுதான். கிருமியின் மரபுச் சரடு மாதிரியில் மிகச் சொற்பமாக இருக்கும். அதைச் சூடாக்கினால் இரு இழையாகப் பிரியும். குளிர்வித்தால் தேடும் துண்டு அதில் போய் ஒட்டும். ஒரு நொதி ஒவ்வொரு இழைக்கும் ஜோடி கட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். அம்பலப்புழைக் கதை தெரியுமல்லவா? சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு என்று கேட்டு, அரசனின் களஞ்சியத்தையே காலி செய்த கண்ணன் கதை. முப்பது சுற்றில் ஒன்று 107 கோடி ஆகிவிடும். நோய்க்குரிய துண்டு இருந்தால்தான் பெருகும். இல்லையென்றால் ஒன்றும் பெருகாது. 1983-ல் கேரி மல்லிஸ் என்ற அமெரிக்கர் கண்ட உத்தி. பத்தாண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அரிசி வியாபாரிக்கு இவ்வளவு எளிதாக விளங்கும் என்று நான் நினைக்கவில்லை.

இனி என் சொந்தக் கதை. எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். அப்பாவுக்கு நீரிழிவு. மாத்திரைக்கு அடங்காமல் போனபோது டாக்டர் இன்சுலின் போட வேண்டும் என்றார். நல்ல மனிதர், எங்கள் குலம் தெரியும். "பெரியவரே, இது மாடு, பன்றி இவைகளோட கணையத்திலேர்ந்து எடுக்கிறது. தெரிஞ்சுக்கிட்டு சம்மதிங்க" என்றார். அப்பா, "வேண்டாங்க, மாத்திரையே இருக்கட்டும்" என்றுவிட்டார். காலில் புண் வந்தது. ஆறவில்லை. 1979 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். விரதம் காத்தார் என்று உறவெல்லாம் மெச்சியது. அம்மா மட்டும் மெச்சவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை.

அப்பா பயந்ததில் பொய் இல்லை. அரைப் படி அளவுகூட வராத, சுமார் 225 கிராம் சுத்த இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேல் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. ஆனால் அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1978-ல், கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் மனித இன்சுலினை ஒரு பாக்டீரியாவுக்குள் செய்துவிட்டார்கள். எங்கள் ஆரணிப் பட்டுத்தறியை வைத்து இதை விளக்கலாம். தறிக்குத் தன் விருப்பம் என்று ஒன்றில்லை. ஜக்கார்டு அட்டையில் எந்தத் துளை இருக்கிறதோ அந்தப் பூ விழும். இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலி. அதற்கான மரபுச் செய்தியை எழுதி, பாக்டீரியாவுக்குள் வளையமாகக் கிடக்கும் பிளாஸ்மிடை ஒரு நொதியால் வெட்டி, இடையில் இதைச் சேர்த்து, வேறொரு நொதியால் ஒட்டிவிடுகிறார்கள். அட்டை மாறியது, தறி மனிதப் பூவை நெய்கிறது. வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பாக்டீரியா இரட்டிக்கும். 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2003-ல் வொக்கார்டும், 2004-ல் பெங்களூர் பயோகானும் இங்கேயே செய்து விற்றன. பயோகானுடையது ஈஸ்டு வகை நுண்ணுயிரில் செய்தது.

1979-ல் வந்தவாசியில் இது கிடைத்திருக்காதுதான். இருந்தாலும் பேத்தி அந்த ஆண்டுக் கணக்கைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாக்டீரியாவும் உயிர்தானே என்று சாமியார் மடத்தில் ஒருவர் கேட்டார். உயிர்தான். ஆனால் நம் ஆகமக் கணக்கில் ஓரறிவு உயிர்கள் வேறு, இயங்கும் உயிர்கள் வேறு. துறவியின் மகாவிரதம் இரண்டையும் காக்கும். இல்லறத்தானின் அணுவிரதம் இயங்கும் உயிரை அறிந்து கொல்லாமையைக் கேட்கிறது, ஓரறிவுயிரிடம் அளவோடு நடக்கச் சொல்கிறது. பன்றியிலிருந்து பாக்டீரியாவுக்கு வந்தது ஐந்தறிவிலிருந்து ஓரறிவுக்கு இறங்கி வந்தது என்பது என் துணிபு. மாறுபடுவோர் இருக்கலாம்.

இத்தோடு முடிந்திருந்தால் இது மகிழ்ச்சியான கட்டுரை. சமணம் சொல்லும் நான்கு தானங்களில் ஔடத தானம் ஒன்று, அபய தானம் ஒன்று. நோயாளிக்கு மருந்து தருவது முன்னது. அஞ்சி நிற்கும் உயிருக்கு 'உன்னைக் கொல்லேன்' என்பது பின்னது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இந்தப் படிப்பில் மோதுகின்றன. புது மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் எலியிலும் முயலிலும் பார்க்கிறார்கள். பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் செய்த இதய வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வலியத்தான் தலைமையில் மூன்று வடிவம் தோற்று, நான்காவது தேறியது. 1990 டிசம்பர் 6-ல் முதல் மனிதனுக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வின் விலை கட்டுப்படியாகாத ஏழைகளுக்கு வந்த வரம்; ஒரு லட்சம் பேருக்கு மேல் பெற்றிருக்கிறார்கள். அதற்கு முன் அது ஆடுகளின் நெஞ்சில் துடித்துப் பார்க்கப்பட்டது. அந்த ஆடுகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியின் பயனாக 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு அறநெறிக் குழு உண்டு. விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும் அதில் இருக்க வேண்டும். மாற்று வழி இருந்தால் அதைக் கையாள், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்பது 1959-ல் முன்வைக்கப்பட்டு, பிறகு உலகம் ஒத்துக்கொண்ட மூன்று நெறி. 2023-ல் நம் மருந்து விதிகள் திருத்தப்பட்டு, விலங்குக்குப் பதில் மனித உயிரணு மாதிரிகளில் செய்யும் சோதனைகளுக்கும் இடம் கிடைத்தது. இதைக் கேட்டு நான் நிம்மதியடைந்தேன்.

பேத்தி அந்த நிம்மதியையும் வைக்கவில்லை. மறைக்கத் தெரியாதவள். "தாத்தா, தட்டுல வளர்க்கிற செல்லுக்கு ஊத்துற சத்து நீர்ல கருக்கன்று சீரம் கலக்கிறாங்க. வெட்டுக்கிடங்குல சினை மாட்டோட கன்றிலேர்ந்து எடுக்கிற ரத்தம்" என்றாள். எலி வேண்டாம் என்று செல்லுக்குப் போனால் அங்கே கன்று நிற்கிறது. சீரம் கலக்காத சத்து நீரும் விற்கிறார்கள். எல்லா வகைச் செல்லும் அதில் வளராது, விலையும் கூடுதல். அன்று, "இந்தப் படிப்பு நமக்கு வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "கிடங்குல அரிசி மூட்டைக்கு மாத்திரை வைக்கிறீங்களே" என்றாள்.

வைக்கிறேன். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தார்ப்பாய் போட்டு மூடினால் வாயு பரவி வண்டும் அந்தும் சாகும். வண்டுக்கு நான்கறிவு. நாற்பது ஆண்டாக அந்த நாளில் நான் கிடங்குப் பக்கம் போவதில்லை, ஆள்தான் வைப்பார். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒரே வினை என்று அவளுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவனே நான். காற்றுப்புகாப் பை வாங்கிப் பார்த்தேன். அதிலும் வண்டு மூச்சடைத்துத்தான் சாகிறது.

அடுத்த ஞாயிறு அவளைச் சிதறாலுக்குக் கூட்டிப்போனேன். 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் அங்கே சமணப் பள்ளி இருந்தது. கல்வெட்டில் ஒரு குரத்தியின் கொடை பதிந்திருக்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். பார்சுவநாதர் சிற்பத்துக்கு முன்னால் நின்று, "இவங்க என்ன பாடம் நடத்தியிருப்பாங்க தாத்தா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் இறங்கினேன். மறுநாள் மூன்றாம் பருவக் கட்டணத்தைக் கட்டினேன்.

ஆய்வேட்டுத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. சீரம் இல்லாத நீரில் வளரும் செல்லை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறாள். பார்ப்போம், செலவு கூடும் என்றாராம். எவ்வளவு கூடும் என்று கேட்டேன். "ஒரு லாரி அரிசில உங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தத் தொகையை நாம் தந்தால் நிறுவனம் ஏற்குமா என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன்.