காலுக்குத் துடுப்பு, கைக்கு அடக்கம்!

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம் என்பார்கள். மனுஷக் குஞ்சுக்கோ கற்றுத்தந்தாலும் போதவில்லை, கூடவே ஒரு வாலும் தேவைப்படுகிறது. ஆண்டவன் கொடுக்காத அந்த வாலை இப்போது கடையில் விற்கிறார்கள். ரப்பர் ஷூவும் பிளாஸ்டிக் பலகையும் ஒட்டிப் பிறந்த மாதிரி, கிட்டத்தட்ட இரண்டு முழ நீளம். பெயர் 'லாங் ஃபின்ஸ்'. நாம் நீளத் துடுப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பக்கத்துப் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுத்தர ஆரம்பித்ததிலிருந்து, எங்கள் கோட்டக்குப்பம் பக்கத்திலும் இந்த வாலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகும் இளவட்டங்கள் கண்ணில் படுகிறார்கள். என் மச்சினனும் அதில் ஒருத்தன். சிலிண்டர் கிடையாது, ஒரே மூச்சு; கையில் ஈட்டித் துப்பாக்கி; முங்கி மீனோடு எழுந்திருக்க வேண்டும். இதுதான் அவனுடைய ஆசை.

"மாமா, வாங்கினா கார்பன் ஃபின்தான் வாங்கணும். மத்ததெல்லாம் வேஸ்ட்" என்றான்.

விலையைக் கேட்டேன். அந்தப் பணத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜே வாங்கிவிடலாம். பிடிக்கிற மீனை வைக்கவாவது உதவும்!

நானும் பல வருஷமாக முங்குகிறவன்தான், அதுவும் பிளாஸ்டிக் ஜோடியில். அந்த தைரியத்தில் நாலு வார்த்தை சொல்கிறேன்.

முதலில், எதற்கு இவ்வளவு நீளம்? குட்டைத் துடுப்பில் படபடவென்று காலை உதறினால்தான் நகர முடியும். தொடைத் தசைகள் பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிடும். நீளத் துடுப்பில் இடுப்பிலிருந்து நிதானமாக ஒரு வீச்சு வீசினால் போதும், நிறைய தூரம் வழுக்கிக்கொண்டு போகலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒவ்வொரு வீச்சும் காசு மாதிரி. சிக்கனமாகத்தான் செலவழிக்க வேண்டும்.

இது வெள்ளைக்காரன் மட்டும் கண்ட ரகசியம் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933-ல் துடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார், வாஸ்தவம். ஆனால் நம் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டிக்கொண்டே ஆழத்துக்குப் போய் வந்தவர்கள். கார்பனும் இல்லை, கம்பெனி முத்திரையும் இல்லை. குடும்பம் நடந்தது!

சரி, கடைக்குப் போவோம். பலகையைப் பொறுத்து மூன்று ஜாதி: பிளாஸ்டிக், ஃபைபர் கிளாஸ், கார்பன். கிரெஸ்ஸி, மாரெஸ், பூஷா போன்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் சாதாரண பிளாஸ்டிக் ஜோடி வெளிநாட்டில் சுமார் நூறு டாலர். ஃபைபர் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்பன் மூன்று, நான்கு மடங்கு, அதற்கு மேலும் உண்டு. இங்கே வந்து சேரும்போது சுங்கவரியும் கூரியர் கூலியும் தலையில் ஏறும்.

கார்பன் எடை குறைவு, சுண்டிவிட்ட மாதிரி திரும்பும், உண்மைதான். முப்பது, நாற்பது மீட்டர் இறங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. பத்து மீட்டரில் தடவிக்கொண்டிருக்கும் நமக்கு? அதிலும் எங்கள் கரையின் லட்சணம் வேறு. இந்தக் கடலோரத்தில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1989-ல் முடிந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் அதை மறித்ததும், வடக்கே கடற்கரை கரைய ஆரம்பித்தது. அதைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள்தான் இன்று பல இடங்களில் கரையே. அந்தக் கல்லில் கார்பன் பலகை ஒரு தடவை ஓங்கி மோதினால் விரிசல் விடும். பிளாஸ்டிக்கோ கீறலோடு சிரித்துக்கொண்டு வரும்.

பலகையைவிட முக்கியமானது பாதம் நுழையும் ரப்பர் உறை. அது சரியில்லாவிட்டால் லட்ச ரூபாய்த் துடுப்பும் உபத்திரவம்தான். இறுக்கினால் குதிகாலில் கொப்புளம், கெண்டைக்காலில் குரக்களி. தொளதொளத்தால் பாதி பலம் உறைக்குள்ளேயே வீணாகும்.

இந்த உறைகள் பெரும்பாலும் ஐரோப்பியக் காலுக்கு வார்த்தவை. செருப்பிலேயே வளர்ந்து விசிறி மாதிரி விரிந்த நம் ஊர்ப் பாதத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால்:

சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அதுதான் நிஜ அளவு.

இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நியோப்ரீன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு அளவு பாருங்கள். தோல் உரியாது, சின்ன இடைவெளியையும் அது நிரப்பிவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். குதிகால் நழுவக்கூடாது, விரல்கள் மடங்கக்கூடாது.

தபாலில் வரவழைப்பதானால் காகிதத்தில் பாதத்தை வரைந்து, சென்டிமீட்டரில் அளந்து, அந்தந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். "நான் எட்டாம் நம்பர் செருப்பு" என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது விறைப்பு. சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று இருக்கும். "நான் ஜிம்முக்குப் போறேன், ஹார்டுதான்" என்று மார்தட்ட வேண்டாம். ஆரம்பக்காரர்களுக்கு சாஃப்ட்தான் நல்லது. விறைப்பான பலகை பத்து நிமிஷத்தில் தொடையைப் பிழிந்துவிடும். பலகை பாதத்தின் நேர்க்கோட்டிலிருந்து சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், கணுக்காலை அதிகம் நீட்டத் தேவையிருக்காது.

பலகையைத் தனியாகக் கழற்றி மாற்றும்படியான மாடல் கிடைத்தால் விடாதீர்கள். இன்றைக்கு பிளாஸ்டிக், நாளைக்குக் கையில் காசு வந்தால் அதே உறையில் ஃபைபர்.

பழைய ஜோடி வாங்குவதிலும் தப்பில்லை. உறையும் பலகையும் சேரும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா, பிளாஸ்டிக் மடங்குகிற இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா, ஃபைபர் அடுக்குப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் வையுங்கள். நுனி தரையில் படும்படி நிறுத்தி வைத்தால் பலகை கூன் போட்டுவிடும்.

"அப்போ மிச்சமாகிற பணத்தை என்ன பண்றது மாமா?" என்றான் மச்சினன்.

இந்த விஷயத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

நல்ல துடுப்பு நம்மை ஆழத்துக்கு சுலபமாகக் கொண்டுபோகும். ஆனால் மூச்சை வளர்க்காது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதனால் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பிராணவாயுவே போதும் போலத் தோன்றும். மேலே வர வர அழுத்தம் பாதியாகும், ரத்தத்துக்குப் போய்ச் சேரும் பிராணவாயுவும் சட்டென்று குறையும். கடைசிச் சில மீட்டரில், கரை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். முங்குவதற்கு முன் புஸ்புஸ்ஸென்று வேகமாக மூச்சு வாங்கினால் ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுக்கு ஏங்க வைக்கும் கரியமில வாயு வெளியே போய்விடுவதால் உடம்பின் அலாரமே அடிக்காது. பக்கத்தில் ஆள் இருந்து முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சில விநாடிகளில் பிழைத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாவிட்டால்...

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் இதற்கு ஏற்பாடு இருந்தது. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே. படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கச்சி தாலிமேல் அவனுக்குத்தானே அக்கறை! அங்கே 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்த விதிக்கு வயதாகவில்லை. இன்றைய ஃப்ரீடைவிங் பயிற்சியிலும் முதல் பாடம் அதுதான்: ஒருவர் கீழே, ஒருவர் மேலே.

ஆகவே கணக்கு இப்படி. ஒரு கார்பன் ஜோடிக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஜோடி வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று கூட வருகிற ஆளுக்கு. மிச்சத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு மிதவையும் கொடியும். ஃபைபர் படகுக்காரர்களுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டுமே. அதற்கும் மேல் மிஞ்சினால் முறையான பயிற்சிக்குக் கட்டுங்கள். ஈட்டியைத் தொடுவதற்கு முன் எங்கே, எந்த மீனைப் பிடிக்கலாம் என்று மீன்வளத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஜோடியைப் போட்டுக்கொள்ள ஆள் கிடைக்காத அன்று, முதல் ஜோடியும் ஆணியிலேயே தொங்கட்டும். மீன் எங்கேயும் போய்விடாது.